என் ஏணி கீற வூடு

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதியிருக்க வேண்டிய தாள் ஒன்று இருந்தது. அதில் விட்டுவிட்டு இங்கே வந்து பெயரைப் போட்டு அழகு பார்த்தால் எனக்கே கேவலமாக இருக்கும். அக்கா என்று கூப்பிட்டேன், அக்கா என்றே இருக்கட்டும்.

உத்திரமேரூரில் ஏரிக்கரையை ஒட்டி அறுபது சொச்சம் வீடுகள் இருந்தன. இப்போது இல்லை. பாதி ஓலை, பாதி சிமெண்ட் ஷீட், நடுநடுவே தார்ப்பாயும் கல்யாண பேனரும் போர்த்திய கூரைகள். அங்கே இருந்தவர்களிடம் ரேஷன் கார்டு உண்டு, சில வீடுகளில் கரண்ட் மீட்டர்கூட உண்டு. ஆனால் எந்த வரைபடத்தை விரித்தாலும் அந்த இடம் வெறும் ஏரிக்கரைதான். ஏரியைத் தூர்வாரிக் கரையை அகலப்படுத்தப் போகிறார்கள், இருக்கிறவர்களுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி மேட்டில் வீட்டுக்கு ஒரு மனை தரப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. யார் யாருக்கு என்று சொல்லப் பட்டியல் வேண்டும். பட்டியல் போடப் படம் வேண்டும். படத்தில் வீடு இருந்தால் பட்டியலில் பெயர் இருக்கும், பட்டியலில் பெயர் இருந்தால் மனை. இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது.

அந்தப் படம் எடுக்கத்தான் நாங்கள் போனோம். நாங்கள் என்றால் காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறையில் இயங்கிய நாலு பேர் அமைப்பு. அதில் ட்ரோன் விடுகிறவன் நான். சொந்த ஊர் கூரம். ஏனாத்தூர்ப் பக்கம் சிவில் படித்தேன், வேலை அமையவில்லை, ட்ரோன் கற்றுக்கொண்டேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதல் நாள், பறக்கவிடாமல் தரையிலேயே ட்ரோனை ஓட்டிச் சோதிக்க இடம் தேடி அலைந்தேன். எங்கே வைத்தாலும் புழுதி. இறக்கை சுற்றினால் மண் எழும்பிக் கேமராவில் அப்பும். பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நான் எரிச்சலில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இன்னா நைனா, கீய வெக்க தாவு இல்லியா?”

நாற்பத்தைந்து, ஐம்பதுக்குள் இருக்கும். ரைஸ் மில்லில் நெல் காயப்போட்டுக் கிளறுகிற வேலை. தலையில் சுற்றிய துண்டோடு அப்படியே வந்திருந்தார். நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்குள் போய், உட்கார்ந்து சாப்பிடுகிற மணைப்பலகையைக் கொண்டுவந்து தரையில் போட்டார். அது என்ன இயந்திரம், எதற்குப் பறக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை.

“வச்சிக்கோ” என்றார்.

“சாயந்தரம் குடுத்துடறேன் க்கா.”

“ஆங், குடு குடு” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் இருந்த ஒரே பலகை அது.

அந்த ‘வச்சிக்கோ’தான் அவர். வேறு எதைச் சொன்னாலும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும். அவருடைய ஏணி அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்கிறவர். காமாலையில் போய்விட்டார். விட்டுப்போனது ஒரு மூங்கில் ஏணி. அது ஏரிக்கரை முழுக்க ஒவ்வொரு வீடாகக் குடியிருந்தது. அண்டா ஒரு வீட்டில், ஆட்டுக்கல் ஒரு வீட்டில், கடப்பாரை ஒரு வீட்டில், இரும்பு வாளி இரண்டு வீட்டுக்குப் பொதுவாக. அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பு, ஒரு குடம், ஒரு கொடிக்கயிறு, ஒரு பாய். திருடன் வந்தால் திட்டிவிட்டுப் போவான்.

வீடு வீடாகக் குறிக்கிற வேலைக்கு உள்ளூர் ஆள் ஒருவர் எங்களோடு நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு வேலைக்குப் போகிற அவசரம். இவர் மில்லுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தார். நான் நோட்டை விரித்து, “இந்த வீட்ல குடும்பத் தலைவர் பேரு?” என்று முறையாகக் கேட்பேன். அவர் பெயரைச் சொல்லமாட்டார்.

“இது என் அண்டா கீற வூடு. எயுதிக்கோ.”

“அக்கா, பேர் சொல்லுங்க.”

“பேர்லாம் அவங்க வந்து சொல்வாங்க. நீ அண்டான்னு போடு, அப்பதான் மறக்க மாட்ட. அதுக்கு அடுத்தது என் ஏணி கீற வூடு. இல்ல இல்ல, ஏணி நேத்து கை மாறிச்சி. அது மூணாவது சந்துக்குப் பூட்ச்சி.”

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இது அரசாங்கத்துக்குப் போகிற காகிதம், விளையாட்டில்லை என்று ஒருமுறை கத்தினேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் நான் தோற்றுப்போய் நோட்டின் ஓரத்தில் அண்டா, ஆட்டுக்கல், கடப்பாரை என்றே குறித்தேன். பெயரும் எண்ணும் பிறகு சேர்ந்தன. ஆனால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஓரத்து வார்த்தைகள்தான்.

ஏன் திருப்பி வாங்குவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

“குடுத்தத போய் வாசல்ல நின்னு கேட்டுக்கினு இருந்தா அவங்க மூஞ்சி எப்டி ஆவும்? எனக்கு அதப் பாக்கவே பேஜாரா இருக்கும் நைனா.”

இதைக் கேட்டுவிட்டு அவரைத் தெய்வம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் இரவல் கொடுப்பது தன் பொருளோடு நிற்காது. ஒருநாள் அளவெடுக்கிற ஜிபிஎஸ் கருவியின் முக்காலியை அவர் வீட்டு வாசலில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் முக்காலியைக் காணோம். விலை என் இரண்டு மாதச் சம்பளம்.

“எங்கக்கா ஸ்டேண்டு?”

“அதுவா? ஆட்டுக்கல் கீற வூட்ல கூர வாரை இத்துப்போயி தூளி கட்ட முடியல. கொயந்த கத்திக்கினே இருந்திச்சி. குடுத்தன்.”

போய்ப் பார்த்தேன். முக்காலியின் உச்சியில் புடவையைக் கட்டித் தூளி போட்டிருந்தார்கள். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்று எகிறினேன். உங்க பொருளா அது, யாரைக் கேட்டு எடுத்தீங்க, ஒடஞ்சா நீங்களா தருவீங்க என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா பேசு. எயுந்துக்கப் போவுது. எயுந்ததும் குடுத்துடுவாங்க.”

குழந்தை எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நானும் என் படிப்பும் வெயிலில் காத்திருந்தோம். அக்கம்பக்கத்தில் சிலருக்கும் அவர்மேல் இந்த எரிச்சல் உண்டு. “அதுக்கு எதுனா எட்துக் குடுக்காட்டி தூக்கமே வராது” என்று அண்டா வீட்டு அம்மா முகத்தைச் சுளித்தார். அண்டா அவர் வீட்டில்தான் இருந்தது.

பறக்கவிட அனுமதி கிடைத்தது ஒரே ஒரு நாள், அதுவும் மதியம் வரை. ஆடி மாதம், நல்ல காற்று. பைக்கிலிருந்து சாமானை இறக்கினபோதுதான் பார்த்தேன், தரைக்குறி பையைக் காஞ்சிபுரத்திலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். தரைக்குறி என்றால் ஒன்றுமில்லை, பெரிய வெள்ளைக் குறுக்குகள். தரையில் நாலு இடத்தில் விரித்து, அந்த இடங்களின் அளவை எடுத்து வைத்தால்தான் மேலேயிருந்து எடுக்கிற படம் நிலத்தோடு பொருந்தும். இல்லாவிட்டால் அது வெறும் போட்டோ, எந்த ஆபீஸும் வாங்காது. திரும்பிப் போய் எடுத்துவர நேரமில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா கலர்ல வோணும்?” என்றார் அக்கா.

“வெள்ளை. பெருசா. கிழிச்சி விரிக்கிற மாதிரி.”

அவர் மூன்றாவது சந்துக்குப் போய், தன்னுடைய ஏணியைத் தானே இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். தன் வீட்டுச் சுவரில் சாய்த்து ஏறினார். அவர் வீட்டுக் கூரை ஒரு பழைய கல்யாண ஃப்ளெக்ஸ். படம் உள்பக்கம், வெள்ளைப் பின்பக்கம் வெளியே. கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்தார், மேலே வைத்திருந்த கற்களைத் தள்ளினார், ஃப்ளெக்ஸைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அக்கா, கூரைக்கு?”

“வேற எதுனா போட்டுக்கறேன். பொயுது போவுது, வச்சிக்கோ.”

அரிவாள்மணையில் வைத்து எட்டுப் பட்டையாக அறுத்தார். நாலு குறுக்கு ஆயிற்று. ஒன்றை மட்டும் அவசரத்தில் புரட்டிப் போட்டுவிட்டோம், அதில் மாப்பிள்ளையின் பாதி முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்தது. வெள்ளைச் சிலுவைகளைப் பார்த்துவிட்டு, “சர்ச்சு கட்டப் போறீங்களா தம்பி?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நடந்துபோனார். காற்று பட்டைகளைத் தூக்கிக்கொண்டே இருந்தது. மூன்றுக்குக் கல் கிடைத்தது. நாலாவதன் முனையில் அக்கா ஏறி நின்றுகொண்டார்.

“அசையாம நில்லுங்க” என்றேன்.

ட்ரோனைப் பலகையில் வைத்துக் கிளப்பினேன். அது போய்த் திரும்பி வருகிறவரை, இருபது நிமிஷமோ என்னவோ, அவர் அசையவில்லை. நான் அதைச் சாக்காக வைத்து அவரைக் கிண்டல்கூடச் செய்தேன். அன்று எனக்குச் சந்தோஷம். வேலை முடிந்துவிட்டதே.

அடுத்த பத்து நாள் மாடியறையில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே படமாக்கி, கூரை கூரையாகக் கோடு போட்டேன். எங்கள் விதி எளிது. கூரை இருந்தால் வீடு. கூரை இல்லாமல் சுவர் மட்டும் இருந்தால் தனியாக ஒரு நிறம் கொடுத்துக் கேள்விக்குறி போட வேண்டும், பிறகு ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தீர்க்க வேண்டும். அப்படி ஆறேழு கேள்விக்குறி விழுந்தது.

படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அச்சடித்துக் கொண்டுபோய் ரேஷன் கடைச் சுவரில் தொங்கவிட்டோம். அவரவர் வீட்டைக் கண்டுபிடித்து அதன்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். பொட்டு ஒட்டிய வீட்டின் எண்ணை நான் பெயரோடு சேர்த்து எழுதுவேன். திருவிழா மாதிரி இருந்தது. தங்கள் வீட்டை மேலேயிருந்து பார்க்கிறபோது ஆட்களுக்கு ஒரு வெட்கம் வருகிறது. “அய்யே, எங்கூடு இத்துனூண்டா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில் ஒட்டினார், சண்டை வந்தது, அக்காதான் தீர்த்துவைத்தார். ஒரே ஷீட்டுக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிகிற இடங்களை அவர்தான் காட்டினார். அப்படி மட்டும் ஐந்து குடும்பங்கள் பட்டியலில் ஏறின.

கூட்டம் குறைந்தபிறகு கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். இது பழைய குளியலறை, இது பாதியில் நின்றுபோன வீடு, இது கோயில் மதில் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக நாலு சுவர் ஒன்று. கூரை இல்லை. உள்ளே ஒரு ஆடு நிற்பது தெரிந்தது.

“இது என்னக்கா?”

கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். “ஆடு நிக்குது பாரு. கடப்பாரை வூட்டுக்காரனுது. அவன் ஆட்டுக் கொட்டாவா இருக்கும். எயுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன்.

“நீங்க பொட்டு வச்சிட்டீங்களா?”

“எங்கூடு எங்க பூடப் போவுது? கண்டுபுடிச்சி வெக்கறேன்” என்றார். அதற்குள் ஒரு கிழவர் தன் வீட்டைக் காணோம் என்று அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா அவரைக் கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். அதோடு நானும் மறந்தேன், அவரும் மறந்தார். பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும்போது அவர் பெயர் இல்லாதது எனக்கு எப்படி உறைக்காமல் போனது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வீடு வீடாக நடந்தபோதும் அவர் வீட்டு வாசலில் நான் நோட்டை விரிக்கவில்லை, அவர் எங்கள் ஆள் என்கிற நினைப்பு. பக்கத்திலேயே நிற்கிறவர் பட்டியலில் இருக்கிறாரா என்று யார் பார்க்கிறார்கள்?

கிளம்பும்போது தொங்கவிட்ட ஃப்ளெக்ஸைச் சுருட்டி அவரிடமே கொடுத்தேன். அவர் கூரையைக் கிழித்த உறுத்தல் கொஞ்சம் இருந்தது. “கூரைக்கு ஆவும் க்கா, வச்சிக்குங்க” என்றேன். அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அது ஒரே தடவை. அதுவரை சிமெண்ட் சாக்குகளைத் தைத்துப் போட்டுச் சமாளித்திருக்கிறார். வாங்கிக்கொண்டார்.

பட்டியல் மேலே போய் மூன்று வாரம் இருக்கும். ஒருநாள் காலையில் போன் வந்தது.

“நைனா, நாஷ்டா துன்னியா?”

“ஆச்சுக்கா. என்ன விஷயம்?”

“ஒன்னுமில்ல. நீ குடுத்த பேனரு சூடு தாங்குது. வெள்ள மேல, படம் உள்ள. படுத்துக்கினா எல்லார் வூடும் மேல தெரியுது. தெனைக்கும் அண்டா வூட்லேர்ந்து ஆரம்பிச்சி ஒவ்வொன்னா பாத்துக்கினே வருவேன், அப்டியே தூங்கிடுவேன்.” குரலைத் தாழ்த்தினார். “நைனா, இன்னிக்கி ரேஷன் கடைலேர்ந்து கணக்கா எண்ணிக்கினு வந்தன். ரெண்டாவது சந்து, மூணாவது வூடு. அந்த ஆட்டுக் கொட்டா எங்கூடு நைனா.”

பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அசல் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். நாலு சுவர். மூலையில் அடுப்பு. குறுக்கே கொடிக்கயிறு, அதில் ஒரு பச்சைப் புடவை. ஏணி எடுக்க ஓடின அவசரத்தில் கதவைத் திறந்து போட்டிருக்கிறார், ஆடு உள்ளே நுழைந்து குடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் வெள்ளைக் குறுக்கு. அதன் முனையில் ஒரு ஆள். முகத்தைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டு, நான் சொன்னபடி அசையாமல். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. தண்ணீர் குடித்தேன். படத்தை மூடினேன்.

எங்கள் அமைப்பை நடத்திய மேடத்திடம் சொன்னேன். நல்லவர்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது. “தரைக்குறி நம்மது இல்ல, அங்க இருந்த வீட்டுக் கூரையக் கிழிச்சிப் போட்டோம்னு இப்ப எழுதிக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? மொத்தப் படமும் செல்லாதுன்னுடுவாங்க. மழைக்கு முன்னாடி கரையக் காலி பண்ணணும்னு நாள் குறிச்சாச்சு. பட்டியல் திரும்பி வந்தா அத்தனை பேரும் மனையும் இல்லாம, வீடும் இல்லாம நிப்பாங்க. ஒருத்தருக்காக அதத் திறக்கலாமா? நீயே சொல்லு.”

நான் சொல்லவில்லை. அது உண்மைதானா, கேட்டுப் பார்த்தால் என்ன, ஒரு மனு எழுதிப் பார்த்தால் என்ன என்று இப்போது நிறையத் தோன்றுகிறது. அன்று அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. பையை மறந்தவன் நான். அது யாருக்கும் தெரியாமல் போனால் நல்லது என்று உள்ளே ஒரு மூலையில் இருந்தது.

மறுநாள் வேறு இடத்தில் வேலை இருந்தது. போகிற வழியில் ட்ரோன் பெட்டியைத் தோளில் மாட்டியபடியே ஏரிக்கரைக்குப் போனேன். அக்கா பாயை விரித்து உட்காரச் சொன்னார். பலகை இல்லையே, அது எங்கள் மாடியறையில் அல்லவா கிடந்தது. தலைக்குமேல் முழு ஏரிக்கரையும் தொங்கியது. துடைப்பக் குச்சி ஒன்றால் காட்டினார். “இது அண்டா. இது ஏணி. இங்க கடப்பாரை. இத பாரு, இது எங்கூடு. ஆட்டப் பாத்தியா, எப்டி தெனாவட்டா நிக்குது.” சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு மேடம் சொன்னதைச் சொன்னேன். அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள் என்பதை மட்டும் அழுத்தி அழுத்திச் சொன்னேன். “விட்டுடு” என்பது அவர் வாயால் வரட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். எனக்கு அது தெரியும்.

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியைக் கீழே வைத்தார்.

“நைனா, ஒன்னு கேக்கறேன். இப்ப ஒரு தபா மேல உட்டு எடுத்தா ஆவாதா? எங்கூடு மட்டும். இப்பதான் கூர கீதே.”

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. தன் ஏணியைக் கேட்டார், அதுவும் எனக்காக. இது இரண்டாவது.

“அனுமதி இல்லாம பறக்க விடக் கூடாதுக்கா. எடுத்தாலும் தேதி மாறிடும். ஆவாது” என்றேன்.

பெட்டி என் மடியில்தான் இருந்தது. இரண்டு பேட்டரியும் நிறைந்திருந்தன. எடுத்திருந்தால் பிரயோஜனம் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். எடுத்திருக்கலாம்.

“சரி உடு” என்றார். “என்னால அவங்களுக்கு நின்னுடக் கூடாது.” எழுந்துபோய் டீ போட்டார். குடித்தேன். நன்றாகவே இருந்தது.

லாரி வந்த நாளில் நான் போகவில்லை. மழைக்கு முன் ஏரிக்கரை காலியாயிற்று, சொன்னபடி மேட்டில் மனைகள் கொடுத்தார்கள். என் பட்டியலில் ஒரு பெயர்கூடத் தவறாமல் எல்லோருக்கும் வந்தது. மேடம் எனக்குக் கை கொடுத்தார்.

ஆறேழு மாதம் கழித்து வீடு கட்டுகிற வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று படம் எடுக்க அந்த மேட்டுக்கே அனுப்பினார்கள். அண்டா வீட்டு அம்மாதான் முதலில் என்னைப் பார்த்தது. வாசலில் அண்டா இருந்தது.

“அக்கா வந்தா குடுக்கலாம்னு வெளக்கி வச்சிக்கினு கீறேன் தம்பி. போன் போட்டா போவ மாட்டேங்குது. பொண்ணு வூட்டுக்குப் போவுதுன்னாங்க, திருமுக்கூடலுக்கு. அங்க இல்லன்னும் சொல்றாங்க. நீ பாத்தியா?”

பார்க்கவில்லை என்றேன். நடந்துகொண்டே போனேன். புதுச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. ஆட்டுக்கல் ஒரு வீட்டில் பின்பக்கம் கிடந்தது. வாளிகள் இருந்தன. அவருடைய சாமான் எல்லாவற்றுக்கும் மனை கிடைத்திருந்தது.

கடப்பாரை வீட்டுக்காரர், அதாவது அந்த ஆட்டின் சொந்தக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு ஏதோ உறுத்தல். “லாரி அன்னிக்கி தூத்தல் போட்டிச்சி சார். மூட்டை நனையுதுன்னு அக்காண்ட அந்தப் பேனரக் கேட்டேன். கூரையிலேர்ந்து அவுத்து சுருட்டி வச்சிருந்திச்சி. கேட்டா குடுக்காத ஆளா அது? ‘இது மட்டும் கேக்காத’ன்னுடிச்சி. கக்கத்துல வச்சிக்கினு பஸ் ஏறிடிச்சி.”

திருமுக்கூடல் இங்கிருந்து பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மூன்று வருஷம் ஆகிறது. நான் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பதெல்லாம் சும்மா. போகவில்லை, அவ்வளவுதான்.

பலகை எங்களிடம்தான் இருக்கிறது. போன வாரம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கால்வாய்க்கரையில் ட்ரோனை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

“யாருதுங்க பலகை? நல்லா கீதே” என்றாள்.

“ஒரு அக்காது. கேட்டா குடுத்துடணும்” என்று சொல்லிவிட்டுப் பேட்டரியைப் பொருத்தினேன்.